ஜெராம் கரையில் ஒதுங்கும் ஆலாக்கள்: தோட்டத்து மருந்தா, பழைய விஷமா?

புக்கிட்ரோத்தான்_டீச்சர்:

வணக்கம். தமிழ்ப்பள்ளி அறிவியல் மன்றத்துக்காகக் கேட்கிறேன். சிலாங்கூர் கடற்கரையில் ஜெராம், பந்தாய் ரெமிஸ் பக்கம் செத்து ஒதுங்கிய ஆலா இரண்டையும் கடற்காக்கை ஒன்றையும் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். காயம் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. மூன்றுமே நெஞ்செலும்பு துருத்தித் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தன. "செம்பனையில் (எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில்) மருந்தடிக்கிறாங்க, அது வாய்க்கால் வழியா கடலுக்குப் போய் பறவை செத்துப்போச்சு" என்று பிள்ளைகளே முடிவு கட்டிவிட்டார்கள். கண்காட்சி அட்டையிலும் அதைத்தான் எழுதப்போகிறார்கள்.

இது சரியா? சரியில்லை என்றால், கடற்பறவைகளின் உடம்பில் மக்காமல் தங்கும் ரசாயனங்கள் உண்மையில் என்ன செய்கின்றன? ஆய்வகம் இல்லாமல் பள்ளியில் அளந்து பார்க்கக்கூடியது ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

நச்சியல்_வாசன்:

டீச்சர், அந்த அட்டையை இப்போதைக்கு எழுத வேண்டாம். மெலிந்து செத்த பறவையை வைத்து விஷம் என்றும் சொல்ல முடியாது, விஷம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

டிடிடி, டீல்ட்ரின் என்ற பழைய பூச்சிக்கொல்லிகள், பழைய மின்கருவி எண்ணெயில் கலந்த பிசிபி, குப்பை எரியும்போது உண்டாகும் டையாக்சின், தீப்பிடிக்காமல் இருக்க பிளாஸ்டிக்கில் கலந்த பிபிடிஇ எல்லாம் ஒரே குணம் உள்ளவை. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும், சிதைய ஆண்டுக்கணக்கில் ஆகும். பறவையின் தோலடிக் கொழுப்பில் சும்மா கிடக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. இரை கிடைக்காத நாட்களிலும், இறகு மாற்றும்போதும், வலசை போகும்போதும், அடைகாக்கும்போதும் பறவை தன் கொழுப்பைத்தான் எரிக்கிறது. கொழுப்பு எரிந்துபோகும், அதில் இருந்த விஷம் எரியாது. ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்கும் மூளைக்கும் போய்ச் சேரும்.

1969 இலையுதிர்காலத்தில் ஐரிஷ் கடலோரத்தில் 10,000க்கும் மேற்பட்ட பறவைகள் செத்து ஒதுங்கின. பெரும்பாலும் கில்லிமாட் என்ற முக்குளிக்கும் கடற்பறவை. பலவற்றின் கல்லீரலில் பிசிபி ஏராளம், உடம்பில் கொழுப்பு அறவே இல்லை. பட்டினியால் பிசிபி கல்லீரலுக்கு ஏறியதா, பிசிபி இருந்ததால் பட்டினியைத் தாங்க முடியாமல் போனதா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதனால் ஆய்வக அறிக்கையில் "கல்லீரலில் இவ்வளவு" என்ற எண் மட்டும் இருந்தால் போதாது, அந்தத் திசுவில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்ற எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும். உடம்பில் மொத்த விஷம் ஒரே அளவாக இருக்கிற இரண்டு பறவைகளில் கொழுத்ததன் கல்லீரல் கொஞ்சமாகக் காட்டும், மெலிந்ததன் கல்லீரல் பல மடங்கு காட்டும்.

இரைச்சங்கிலியில் ஏறுவதற்குப் பிள்ளைகளிடம் காட்ட ஒரு பழைய கணக்கு உண்டு. அமெரிக்காவின் லாங் ஐலண்ட் சதுப்புக்கழியில் அளந்து 1967இல் வெளியிட்ட கணக்கில் டிடிடி வகைகள் மிதவை நுண்ணுயிர்களில் பத்து லட்சத்தில் 0.04 பங்கு, அங்கேயே ஒரு கடற்காக்கையில் 75 பங்கு. அதனால் தண்ணீரை மட்டும் சோதித்து "ஒன்றும் இல்லை" என்று அறிக்கை வாங்குவது சுலபம், பறவையில் இருப்பது அதில் தெரியாது.

பாதிப்பு பெரும்பாலும் பிணமாக வந்து ஒதுங்குவதில்லை. முட்டையில்தான் முதலில் தெரியும். டிடிடி சிதைந்து உண்டாகும் டிடிஇ, முட்டைக்கு ஓடு கட்டும் சுரப்பியில் சுண்ணாம்பைக் கடத்தும் வேலையைத் தடுக்கிறது. ஓடு மெலியும், தாய் உட்கார்ந்ததும் நசுங்கும். கலிபோர்னியாவின் அனகாப்பா தீவில் 1970இல் பழுப்புக் கூழைக்கடாக்கள் 552 முறை கூடு கட்ட முயன்றும் பறக்கும் வயதுக்கு வந்தது ஒரே ஒரு குஞ்சு. தாய்ப்பறவைகள் திடமாகத்தான் இருந்தன. ஓட்டின் தடிமன் சராசரியாக 18 முதல் 20 சதவீதம் குறைந்து, அது சில ஆண்டுகள் நீடித்தால் அந்த இனத்தின் எண்ணிக்கை சரியத் தொடங்கும் என்பது பல இனங்களில் கண்ட கணக்கு.

பிசிபியும் டையாக்சினும் ஓட்டைத் தொடுவதில்லை, உள்ளே இருக்கும் கருவைத் தொடும். வட அமெரிக்கப் பேரேரிகளில் அலகு குறுக்கே பின்னிக்கொண்ட நீர்க்காகக் குஞ்சுகள் பிறந்தது அப்படித்தான். தைராய்டு குழம்பும், நோய் எதிர்ப்பு குறையும். நார்வேக்கு வடக்கே பியோர்னோயா தீவில் பெரிய கடற்காக்கைகளை ஆண்டுக்கணக்கில் கவனித்ததில், ரத்தத்தில் இந்த ரசாயனங்கள் அதிகமுள்ளவை கூட்டைவிட்டு அதிக நேரம் விலகியிருந்தன. அடுத்த ஆண்டு உயிரோடு திரும்பியவையும் அவற்றில் குறைவு.

தோட்ட_மேற்பார்வை:

மருந்தடிப்பு பத்தி நான் சொல்றேன் டீச்சர். செம்பனையில இப்ப அடிக்கிறது பெரும்பாலும் களைக்கொல்லி. கிளைபோசேட், குளுபோசினேட், மெட்சல்பியூரான் இந்த மாதிரி. மரத்தடி வட்டத்திலயும் அறுவடைப் பாதையிலயும்தான் அடிப்பாங்க. இதெல்லாம் கொழுப்புல தங்குற சாதி இல்ல. பாராகுவாட்டுக்கு 2020 ஜனவரி 1ல இருந்து தடை. அது கடும் விஷம்தான், ஆனா களிமண்ணுல ஒட்டிக்கிட்டு அங்கேயே கிடக்கும், மீன் வழியா ஏறி பறவைக்கு வராது. அதுக்காக பம்பை வாய்க்கால்ல கழுவலாம்னு யாரும் எடுத்துக்காதீங்க. மீனுக்கும் தவளைக்கும் அன்னிக்கே வேலை முடிஞ்சிடும்.

தோட்டத்துல பறவை உடம்புல தங்குற மருந்துன்னா எலிக்கட்டி. அதுவும் கடலுக்குப் போறதில்ல, ஆந்தைக்கும் செம்பருந்துக்கும் போகுது. கட்டியில கலக்குற மருந்துல வார்பரின் சீக்கிரம் கழிஞ்சிடும். புரோடிபாகும், புரோமாடியோலோன் ரெண்டும் கல்லீரல்ல மாசக்கணக்கா உட்கார்ந்திருக்கும். மரத்துக்கு ஒரு கட்டி வச்சு, 4 நாளுக்கு ஒரு தடவை தின்னு போன இடத்துல மட்டும் மாத்தி, எலி தின்னு போன கட்டி 20 சதவீதத்துக்குக் கீழ வந்ததும் நிறுத்தணும். தப்பு எங்க நடக்குதுன்னா, கட்டி மிச்சம் இருக்குன்னு சுற்று மேல சுற்று வைக்கிறது. தின்ன எலி உடனே சாகாது, நாலைஞ்சு நாள் தள்ளாடிக்கிட்டுத் திரியும். ஆந்தைக்கு அதைப் பிடிக்கிறது சுலபம். அப்படிச் செத்த பறவையை அறுத்தா தோலுக்கு அடியிலயும் வயித்துலயும் உறையாத ரத்தம் இருக்கும், உடம்பு மெலிஞ்சிருக்காது. டீச்சர் சொல்ற ஆலாவுக்கு இது பொருந்தல.

டிடிடி இந்த மண்ணுக்குப் புதுசு இல்ல. 1960கள்ல செம்பனையில கூண்டுப்புழுவுக்கு டிடிடி, டீல்ட்ரின், எண்ட்ரின் எல்லாம் அடிச்சாங்க. புழுவைத் தின்னுற பூச்சிகள் செத்து, புழு இன்னும் பெருகினதுதான் மிச்சம். 1967ல தொடங்கின மலேரியா ஒழிப்புத் திட்டத்துலயும் வீட்டுச் சுவருக்கு டிடிடிதான். அந்த மிச்சம் வாய்க்கால் சேத்துல இன்னும் இருக்கலாம், தூர் வாரினா மேல வரும். ஆலைப் பக்கம் பழைய டிரான்ஸ்பார்மர் இருந்தா அதோட எண்ணெயையும் சந்தேகப்படணும், அந்தக் காலத்து எண்ணெய்ல பிசிபி கலந்திருக்கும். பழைய இரும்பு வாங்குறவங்க எண்ணெயை மண்ணுல கொட்டிட்டு, தாமிரத்துக்காக வயரைப் போட்டு எரிப்பாங்க. அந்தப் புகையிலயும் சாம்பல்லயும் டையாக்சின். பிள்ளைங்க அட்டையில மருந்துப் பம்புக்குப் பதிலா அதைப் படம் போடலாம்.

கடலோரக்_கண்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். அந்தக் கடற்காக்கை பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காக்கையாக இருக்கும். மத்திய ஆசிய மேட்டுநில ஏரிகளில் முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு மலாக்கா நீரிணைக்கு வருவது. மீசை ஆலாவும் வலசை வருவதுதான். அதன் உடம்பில் டிடிஇ இருந்தால் எந்த நாட்டு ஏரியில் சேர்ந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்? வந்து இறங்கிய களைப்பில் மெலிந்து சாவதும் நடக்கிறதுதான்.

நம் ஊர் நிலவரம் தெரிய வேண்டுமானால் இங்கேயே முட்டையிடும் பறவையைப் பாருங்கள். சதுப்புக்காட்டுக் கொக்கு, இராக்கொக்கு, செம்பருந்து, வெண்வயிற்றுக் கடற்கழுகு. அதிலும் குஞ்சுதான் நல்ல சாட்சி. பொரித்த நாளிலிருந்து தாய் தந்தை அக்கம்பக்கத்தில் பிடித்து ஊட்டிய மீனைத் தவிர வேறு எதையும் அது தின்றதில்லை. தாய் முட்டை வழியாகக் கொடுத்ததும் வளர வளர நீர்த்துவிடும். நீரிணையிலேயே முட்டையிடும் உண்மையான கடற்பறவை வேண்டுமென்றால் பேராக் தீவின் பழுப்புக் கடல்வாத்து இருக்கிறது, ஆனால் அது நடுக்கடல் பாறை. பள்ளிப் பிள்ளைகளுக்கான இடம் இல்லை.

பிளாஸ்டிக் பற்றியும் யாராவது கேட்பார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடல் பிளாஸ்டிக் சும்மா குப்பை மட்டும் இல்லை. தண்ணீரில் உள்ள பிசிபியை மேற்பரப்பில் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும், உள்ளே பிபிடிஇயும் வைத்திருக்கும். விழுங்கிய பிளாஸ்டிக்கில் இருந்து பிபிடிஇ பறவையின் கொழுப்புக்குப் போவதை ஷியர்வாட்டர் என்ற கடற்பறவைகளில் 2013இலேயே காட்டினார்கள். அவற்றின் இரைப்பையில் எண்ணெய் இருப்பதால் அது கரைந்து இறங்குகிறது. ஆலாவும் கடற்காக்கையும் முள்ளையும் ஓட்டையும் உருட்டிக் கக்கிவிடும். பிளாஸ்டிக்கும் அதோடு பெரும்பாலும் வெளியே வந்துவிடும், அவ்வளவு நாள் தங்காது. ஆகவே ஆலா படத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கிப் போடுவது பொருத்தமில்லை.

புக்கிட்ரோத்தான்_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. மருந்துப் பம்பு படத்தை எடுத்துவிட்டோம். இப்போது முட்டை ஓடு அளப்பதைப் பற்றிக் கேட்கிறேன். சதுப்புக்காட்டு ஓரத்தில் கொக்குக் கூட்டுக்குக் கீழே உடைந்த ஓடு கிடக்கிறது. பொறுக்கி வந்து அளக்கலாமா? இனி செத்த பறவை கிடைத்தால் ஆய்வகத்துக்கு எப்படி எடுத்து வைப்பது?

நச்சியல்_வாசன்:

முதலில் பொறுக்க வேண்டாம் டீச்சர். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716, பாதுகாக்கப்பட்ட இனத்தின் உடலுக்கு மட்டும் இல்லை, முட்டைக்கும் பாகங்களுக்கும் பொருந்தும். பெர்ஹிலித்தானிடம் (வனவிலங்குத் துறையிடம்) எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிய பிறகுதான் தொடலாம். ஒரே இடத்தில் பல பறவைகள் சேர்ந்து செத்துக் கிடந்தால் ரசாயனத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன் பறவைக் காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் சொல்லிவிட்டுப் பிள்ளைகளை விலக்கி நிறுத்துங்கள்.

அளவெடுக்கும் பழக்கத்துக்குக் கோழிமுட்டை போதும். தடிமன் அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும், அது இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. பிரிட்டனில் பைரி வல்லூறு முட்டைகளை வைத்து 1967இல் ராட்கிளிஃப் காட்டிய முறை. முட்டையின் நீளத்தையும் அகலத்தையும் வெர்னியர் அளவுகோலில் மில்லிமீட்டரில் எடுங்கள். நடுவில் சின்னத் துளை போட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, ஓட்டைத் தண்ணீரில் அலசி, எடை மாறாமல் நிற்கும்வரை காயவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் அதற்கு வாரக்கணக்கில் ஆகும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வைத்தால் சீக்கிரம் காயும். பிறகு ஓட்டின் எடையை மில்லிகிராமில் எழுதி, நீளம் பெருக்கல் அகலத்தால் வகுங்கள். 56 மில்லிமீட்டர் நீளம், 42 அகலம், ஓடு 5.5 கிராம் என்றால் 5500ஐ 2352ஆல் வகுக்க 2.34 வரும். முட்டை பெரிதா சிறிதா என்ற வித்தியாசத்தை இந்த எண் சரிக்கட்டிவிடும்.

இதில் வழுக்குகிற இடங்கள் உண்டு. குஞ்சு பொரித்த ஓடு, பொரிக்காததைவிட மெல்லிசு. குஞ்சு எலும்பு கட்ட ஓட்டில் இருந்துதான் சுண்ணாம்பை எடுத்துக்கொள்கிறது. பொரித்ததைப் பொரித்ததோடுதான் ஒப்பிட வேண்டும். கூட்டுக்குக் கீழே கிடக்கும் ஓட்டை அருங்காட்சியகத்து முழு முட்டையோடு ஒப்பிட்டு "டிடிடி" என்று கத்தினால் அது தவறான முடிவு. மைக்ரோமீட்டரே கிடைத்தால் தட்டையான முனை வளைந்த ஓட்டில் சரியாக உட்காராது, கூடுதலாகக் காட்டும். உருண்டை முனை வேண்டும், இல்லையென்றால் மிகச் சின்னத் துண்டாக எடுங்கள். முட்டையின் இடுப்புப் பகுதியில் ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள், இரு நுனிகளிலும் தடிமன் வேறு. உள்சவ்வோடு அளந்தீர்களா, உரித்துவிட்டு அளந்தீர்களா என்று கட்டாயம் எழுத வேண்டும்.

வீட்டுக் கோழி மெல்லிய ஓட்டில் முட்டையிட்டால் அது டிடிடி இல்லை. டிடிஇயால் கோழிக்கு ஓடு அவ்வளவாக மெலிவதில்லை, கடற்காக்கைக்கும் அப்படித்தான். கூழைக்கடாவும் வல்லூறும்தான் அதற்கு நொறுங்கும். உச்சி வெயிலில் கோழி வாயைத் திறந்து மூச்சிரைக்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓட்டுக்குச் சுண்ணாம்பு சேராது. தீனியில் சுண்ணாம்பு போதாமலும் இருக்கலாம். டையாக்சின் விஷயத்தில் கதை தலைகீழ். கோழிக் கருதான் பறவைகளிலேயே மிகவும் பலவீனம்.

செத்த பறவைக்கு வருகிறேன். அனுமதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையுறையோடு நெஞ்செலும்பின் இரு பக்கமும் தடவி, சதை உப்பியிருக்கிறதா, சமமா, குழிந்திருக்கிறதா என்று 3 முதல் 0 வரை மதிப்பெண் போடுங்கள். முழுப் பறவையையும் அலுமினியத் தாளில் சுற்றி, அதற்குமேல் பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் உறையவையுங்கள். அசிட்டோனில் அலசிக் காய்ந்த தாளாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக்கை நேராக உடம்பில் ஒட்டவிட்டால் அதை இளக்கச் சேர்த்த தாலேட் வகை ரசாயனங்கள் மாதிரியில் ஏறிவிடும். பார்மலின் வேண்டவே வேண்டாம். சீட்டைப் பென்சிலில் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடிவிடும். நாள், இடம், இனம், சதை மதிப்பெண் நான்கும் சீட்டில் இருக்கட்டும். வெயிலில் ஊதிப்போன உடம்பை எடுக்க வேண்டாம், வீண் செலவுதான்.

நீர்_ஆய்வு:

வாசன் ஐயா சொன்ன அலுமினியத் தாள் முறை கொழுப்பில் தங்குகிற ரசாயனங்களுக்குத்தான். பிஎஃப்ஓஎஸ் என்ற, கொழுப்பில் தங்காத வேறு வகை ரசாயனத்தைப் பார்க்கப்போகிறோம் என்றால் இதே கட்டு மாதிரியைக் கெடுத்துவிடும். சாப்பாட்டுக்கு விற்கும் சில தாள்களில், பெட்டிகளில் அந்த வகைப் பூச்சு இருக்கலாம். பாலிப்ரொப்பிலீன் குழாயோ பெட்டியோ மட்டும். ஒட்டாத சட்டிப் பூச்சு உள்ள எதுவும் கிட்டவே வரக்கூடாது. எடுக்கிறவர் நீர்புகா மழைச்சட்டை போட்டிருந்தால் கழற்றிவிட வேண்டும். எது வேண்டும் என்று தெரியாவிட்டால் கல்லீரலை இரண்டாக வெட்டி, பாதி தாளில், பாதி குழாயில்.

பிஎஃப்ஓஎஸ் கொழுப்பைத் தேடிப் போவதில்லை, புரதத்தில் ஒட்டும். ரத்தம், கல்லீரல், மஞ்சள் கரு. தீயணைப்பு நுரையிலும் நீர் ஒட்டாத துணியிலும் இருந்து வருவது. மக்காத ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பிஎஃப்ஓஎஸ் 2009இல் சேர்ந்தது, அதே குடும்பத்து பிஎஃப்ஓஏ 2019இல், பிஎஃப்எச்எக்ஸ்எஸ் 2022இல். கொழுப்புச் சதவீதத்தால் வகுத்துச் சரிசெய்கிற கணக்கு இதற்குப் பொருந்தாது, ஈர எடையில் அப்படியே எழுத வேண்டும். பலர் பழக்கத்தில் கொழுப்பால் வகுத்துவிட்டு அந்த எண் என்ன சொல்கிறது என்று முழிக்கிறார்கள்.

கூமுட்டை கிடைத்தால் இன்னொரு கணக்கும் வேண்டும். வெயிலில் கிடந்த முட்டையில் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கும், அதனால் விஷத்தின் அளவு கூடித் தெரியும். 0.51 பெருக்கல் நீளம் பெருக்கல் அகலத்தின் வர்க்கம் என்று சென்டிமீட்டரில் போட்டால் முட்டையின் கொள்ளளவு வரும். மேலே சொன்ன 5.6க்கு 4.2 முட்டைக்குச் சுமார் 50 மில்லிலிட்டர். உள்ளே இப்போது இருப்பது 40 கிராம்தான் என்றால் ஆய்வக எண்ணை 40ஆல் பெருக்கி 50ஆல் வகுத்து எழுதுங்கள்.

அறிக்கை வந்ததும் டிடிடியையும் டிடிஇயையும் தனித்தனியாகக் கேளுங்கள். டிடிஇ மிகுதி என்றால் மேற்பார்வை அண்ணன் சொன்ன பழைய மிச்சம். டிடிடி கூடுதலாக இருந்தால் யாரோ அண்மையில் எங்கோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

தோட்ட_மேற்பார்வை:

டீச்சர், மைக்ரோமீட்டருக்கு ஆலைப் பட்டறையில கேட்டுப் பாருங்க. தேய்மானம் பார்க்க வச்சிருப்பாங்க. தட்டை முனைதான் இருக்கும், சின்ன உருண்டை பேரிங் குண்டு ஒண்ணை முனையில வச்சு அளந்து, குண்டோட அளவைக் கழிச்சுக்கிட்டா சரியா வரும். அளக்கிறதுக்கு முன்னாடி எண்ணெயைத் துடைச்சிடுங்க.